கைகள் தலைக்கு மேலே

அக்டோபர் 20, வெள்ளி

இன்று டிபார்ட்மென்டில் ஆயுத பூஜை. திங்களும் செவ்வாயும் விடுமுறை என்பதால் முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். பொரி கடலை வாங்கி வந்தது டெக்னீஷியன் மைதீன் அண்ணன். பத்து வருடமாக அவர்தான் வாங்குகிறாராம். வேறு யார் வாங்கினாலும் பொரி நமுத்துவிடுகிறதாம். கதிர்வீச்சு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மெஷினின் தலைப்பக்கம் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சீஃப் டாக்டர் அருள்தாசன் விரலை ஆட்டினார்.

குரூப் போட்டோ எடுக்கும்போது "ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் முன்னாடி வாங்க" என்று ஒரு குரல் வந்தது. நான் முன்னால் போய் நின்றேன். மொத்த ஸ்டூடன்ட்ஸும் வந்தாயிற்று. எம்.டி. கதிர்வீச்சு புற்றுநோய் மருத்துவம், மூன்றாம் ஆண்டு, சங்கமித்ரா. இருந்த ஒரே சீனியர் தேறிப் போய்விட்டார். ஜூனியர் சீட் இரண்டையும் கலந்தாய்வில் யாரும் சீந்தவில்லை. தோல் மருத்துவத்துக்கும் ரேடியாலஜிக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் என்னைப் போல வேறு எதுவும் கிடைக்காதவர்கள்தான்.

மதியம் ஒரு புது நோயாளிக்கு சி.டி. எடுத்துக் கோடு போட்டேன். வெள்ளைத்தாய், வயது நாற்பத்தாறு, அருப்புக்கோட்டை பக்கம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இடது மார்பை எடுத்தாயிற்று, கீமோவும் முடிந்தது. இனி இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. சாய்பலகையில் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடியைப் பிடிக்கச் சொல்லி, நெஞ்சின் நடுவில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று ஊதா மார்க்கரால் கூட்டல் குறி போட்டேன். தினமும் சுவரிலிருந்து வரும் லேசர் கோடு இந்தக் குறிகளின் மேல் விழ வேண்டும். விழுந்தால்தான் கதிர் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

"அஞ்சு வாரத்துக்கு இந்த இடத்துல தண்ணி படக் கூடாது. சோப்பு, எண்ணெய் எதுவும் கூடாது" என்றேன்.

"அப்ப தீவாளிக்கு?"

"தீபாவளிக்கும்தான்."

"எண்ணெ தேய்க்காம தீவாளியா" என்று மேற்கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து நைட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்ட முதல் கேள்வி, "நீங்க சாப்பிட்டீகளா டாக்டரம்மா?"

மணி மூன்றரை. சாப்பிட்டிருக்கவில்லை. "சாப்ட்டேன்கா" என்றேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

அம்மா போளூரிலிருந்து பேசினாள். ஒரு மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம், ரேடியேஷனில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் குழந்தை தங்குமா என்று. கதிர் போகும்போது நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம், கதவு ஒன்றரை முழக் கனம், உள்ளே நோயாளி மட்டும்தான் என்று விளக்கினேன். "அதை நான் எப்படிடி அவங்ககிட்ட சொல்றது?" என்றாள். பிறகு தீசிஸ் எப்போது முடியும் என்று அப்பா கேட்டார். நவம்பர் முப்பதுக்குள் சீஃப் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் மே மாதம் பரீட்சை என்றேன்.

துணி துவைத்தேன். ஹாஸ்டல் மாடியில் கொடி காலியாகவே இருந்தது. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 25, புதன்

வெள்ளைத்தாய்க்கு முதல் நாள். கதவு மூடும்போது எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகளைத் தூக்கியபடி தனியாகப் படுத்திருந்தார். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எண்ணிக்கிட்டு இருந்தேன் டாக்டரம்மா. எத்தன எண்ணுனா முடியுதுன்னு தெரிஞ்சா நாளைக்குப் பயம் இருக்காதுல்ல. அம்பத்திரண்டு."

எனக்கு இது தோன்றியதே இல்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

ஓ.பி.யில் நாற்பத்தொரு பேர். தீசிஸ் நான்காம் அத்தியாயம், பாதி. மெஸ்ஸில் கோஸ் பொரியல்.

நவம்பர் 3, வெள்ளி

மாலை வார்டு ரவுண்ட்ஸ் முடிந்தும் வெள்ளைத்தாய் அக்காவின் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூடக் கதை சொல்கிறார். தட்டை வைத்த இடத்தை வைத்தே எந்தப் பிள்ளை வீட்டில் ராத்திரி சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுவாராம். "பசிச்ச பிள்ள தட்ட நெஞ்சோட புடிச்சுக்கிட்டு வரும்."

தினமும் கேட்கிறார், "சாப்பிட்டீகளா?" எங்கள் ஊர்ப் பக்கம் இந்த இழுவை கிடையாது. முதலில் சிரிப்பு வந்தது. இப்போது நாலு மணி ஆனால் அந்தக் கேள்விக்காக வார்டுப் பக்கம் போகிறேன். எழுதிப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது. இரண்டரை வருடமாக இந்தக் கட்டிடத்தில் இருக்கிறேன், நேரில் இதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நானும் தினமும் சாப்பிட்டதாகவே சொல்கிறேன்.

நவம்பர் 9, வியாழன்

காலை எட்டு மணி வகுப்பு. முப்பது நாற்காலி, ஒரு மாணவி. சீஃப் மேடையில் நின்றுதான் நடத்துவார். முடிந்ததும் கடைசி வரிசைவரை பார்வையை ஓட்டி "எனி டவுட்ஸ்?" என்பார். அடிக்கடி நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இன்று பாடம், இடைவெளி. கதிர்வீச்சு நடுவில் நின்றால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் சுதாரித்துக்கொண்டு வேகமாகப் பெருகும். அதனால் ஒரு நாள்கூட வீணாகத் தவறக் கூடாது. "காரணம் இல்லாம ஒருத்தருக்கு கேப் விட்டேன்னு சொல்லிட்டு என் ரூமுக்கு வராதே" என்றார்.

நவம்பர் 10, வெள்ளி

அக்காவுக்குப் பதின்மூன்றாவது நாள் முடிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார். திங்கள் அரசு விடுமுறை, செவ்வாய் வந்துவிட வேண்டும். மைதீன் அண்ணனும் மச்சான் கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவு. மெஷினுக்கு வேறு ஷிப்டிலிருந்து மாற்று ஆள்.

எனக்கு டியூட்டி. தீபாவளி இங்கேதான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மெஸ்ஸில் ஒரு ஜாங்கிரி வைத்தார்கள்.

நவம்பர் 14, செவ்வாய்

அக்கா காலையிலேயே வந்துவிட்டார். ஓ.பி. வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். வார்டுக்குப் போனோம்.

"தப்பு நடந்து போச்சு டாக்டரம்மா. எம்மக எண்ணெய வச்சுட்டா. தலைக்கு மட்டும்தான்னு உக்காந்தேன். தண்ணி ஊத்த ஊத்தச் சொகமா இருந்துச்சு. ஒரு மாசமா ஒடம்பே எரிஞ்சு கெடந்துச்சா, அப்படியே..." நைட்டியை விலக்கினார். குறிகள் இல்லை. நடுவில் ஒரு ஊதா நிழல் மட்டும்.

விதிப்படி சீஃபிடம் சொல்ல வேண்டும், மறுபடி சி.டி. எடுத்துப் புதிதாகக் குறி போட வேண்டும். சி.டி. வரிசை எட்டு நாள். எட்டு நாள் இடைவெளி. வார்டில் எல்லோர் முன்னாலும் அக்காவுக்குத் திட்டு விழும், சீஃபின் திட்டு சாதாரணத் திட்டு அல்ல. "பெரிய டாக்டர்ட்ட சொல்லாதீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சரிசெய்து கொடுத்தேன். ஃபைலில் எல்லா அளவும் இருக்கிறது, கழுத்துக்குழியிலிருந்து இத்தனை சென்டிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து இத்தனை என்று. டேப் இருக்கிறது, மார்க்கர் என் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் அதிரசம் டப்பா. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

மாற்று டெக்னீஷியன் எதுவும் கேட்கவில்லை. பதினான்காவது முடிந்தது. அதிரசம் நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

நவம்பர் 15, புதன்

பதினைந்து முடிந்தது. அத்தியாயம் ஐந்து முடிந்தது.

நவம்பர் 17, வெள்ளி

பதினேழு. தீசிஸ் முழுவதும் சீஃப் மேஜையில். இந்த வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மனசு லேசாக இருக்கிறது. மாலையில் அக்காவும் நானும் வார்டு ஜன்னலோரம் நின்று டீ குடித்தோம். "ஒங்களுக்கு யாரும் இல்லையா டாக்டரம்மா, எந்நேரமும் இங்கனயே நிக்கிறீக?" என்றார். இருக்கிறார்கள், ஊரில் இருக்கிறார்கள் என்றேன்.

நவம்பர் 20, திங்கள்

திங்கள்தோறும் மெஷினிலேயே படம் எடுத்து, கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது வழக்கம். போன திங்கள் விடுமுறை என்பதால் பார்க்கவில்லை.

இன்று அக்காவின் படம் ஒன்றரை சென்டிமீட்டர் விலகியிருந்தது. கதிர் விழும் இடம் முழுவதும் மேலே ஏறியிருக்கிறது. மேலே தேவையில்லாத இடத்தில் விழும், கீழே தழும்புக்குக் கீழே ஒரு பட்டை விடுபட்டுப்போகும். இன்றைக்குக் கதிர் கொடுப்பதற்கு முன்பே மைதீன் அண்ணன் நிறுத்திவிட்டார்.

சீஃப் இறங்கி வந்தார். போன வாரம் நின்ற மாற்று ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். "யார்யா இந்தக் கோடு போட்டது?" அந்த மனிதர் விழித்தார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பலகையில் உட்கார்ந்திருந்த அக்கா, "நாந்தான் சார்" என்றார். "நேத்து வேர்வையில அழிஞ்சு போச்சு. திட்டுவீகன்னு நானே பேனாவ எடுத்து வரஞ்சுக்கிட்டேன்."

சீஃப் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "நேத்தா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"நேத்துதான் சார்."

"அப்ப போன வாரம் வரைக்கும் சரியாத்தான் விழுந்திருக்கு. தப்பிச்சோம்." கதிரின் அளவைக் கணக்கிடும் பிசிசிஸ்ட் கோமதி மேடத்திடம் எழுதச் சொன்னார்: நோயாளியே குறியை மாற்றி வரைந்துகொண்டார், எந்த நாளும் பாதிக்கப்படவில்லை. பிறகு சி.டி. அறைக்கு ஒரு போன் போட்டார். பத்து நிமிடத்தில் இடம் கிடைத்தது. புதுக் குறி போட்டு மதியமே பதினெட்டாவது கொடுத்துவிட்டார்கள்.

எட்டு நாள் வரிசை, அவருக்கு ஒரு போன்.

பழைய குறியைத் துடைக்கும்போது மைதீன் அண்ணன் அந்த ஊதா மையைப் பார்த்தார், பிறகு என் கோட்டுப் பையைப் பார்த்தார்.

விலகலுக்குக் காரணம் பலவாக இருக்கலாம்.

நவம்பர் 21, செவ்வாய்

"ஏங்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஆளு கேட்ட கேள்விக்கு ஒங்க மொகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துருச்சு. எனக்காகத்தான செஞ்சீக? என்னயத் திட்டுனா என்ன, நா மாசம் தவறாம பி.டி.ஓ.ட்ட திட்டு வாங்குறவ." சிரித்தார். "ஒண்ணும் ஆகலன்னு பெரியவரே சொல்லிட்டாருல்ல. சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டேன் என்றேன். அவர் நம்பிச் சொன்ன பொய்க்கு விலை என்ன என்று அவருக்குத் தெரியாது. நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

நவம்பர் 22, புதன்

போட்டுப் பார்த்தேன். பதினான்கிலிருந்து பதினேழு வரை, இருபத்தைந்தில் நான்கு. பதினாறு சதவீதம். தழும்பின் கீழ்ப் பட்டைக்கு ஐம்பது கிரே கதிருக்குப் பதில் நாற்பத்திரண்டுதான் கிடைக்கும். கட்டி இருந்தது கீழ்ப்பாதியில்.

சில நோயாளிகளுக்கு நாற்பத்திரண்டே போதுமாக இருக்கும். நோய் திரும்ப வராமலும் போகலாம். வந்தாலும் இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய கையை என்ன செய்வது?

நவம்பர் 23, வியாழன்

வகுப்பு. பரீட்சை நெருங்குவதால் வாய்மொழித் தேர்வு மாதிரி கேட்கிறார்.

"மார்புக்குக் குறி போடுறே. முதல்ல என்ன பார்ப்பே?"

"பேஷன்ட் படுத்து, கை தலைக்கு மேல இருக்கான்னு பார்ப்பேன் சார்."

"ஏன்?"

"கையைத் தூக்குனா நெஞ்சுத் தோல் மேல நகரும். கை கீழ இருக்கும்போது போட்ட குறி, தூக்குனா மேல போயிடும்."

"எவ்வளவு போகும்?"

"ஒன்றரையிலேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர்."

"குட்" என்றார். இரண்டரை வருடத்தில் நான்காவது குட். பிறகு வழக்கம்போல முப்பது நாற்காலியையும் பார்த்து, "எனி டவுட்ஸ்?"

இல்லை சார் என்றேன்.

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்தார். படுத்திருக்கவில்லை. இரண்டு கையும் மடியில், அதிரசம் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஃபைலில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'கைகள் தலைக்கு மேலே.' அளவை மட்டும் பார்த்தேன், அதற்கு மேலிருந்த வரியைப் பார்க்கவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகூடச் செய்யாத தவறு. அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அவசரமும் இல்லை. எனக்கு அவர் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. திட்டு வாங்காமல் காப்பாற்றிய ஆள் நானாக இருக்க வேண்டியிருந்தது. அதுதான்.

நவம்பர் 25, சனி

சீஃபிடம் சொன்னால் இன்னும் சில நாள் கொடுத்து அந்தப் பட்டைக்கு மட்டும் ஈடுசெய்ய முடியும். சொல்லாவிட்டால் புதன்கிழமை இருபத்தைந்து முடிந்து அக்கா ஊருக்குப் போய்விடுவார். வியாழக்கிழமை தீசிஸில் கையெழுத்து விழும். இரண்டு தேதியும் அடுத்தடுத்து இருக்கின்றன.

சொன்னால் விசாரணை வரும், கையெழுத்து வராது. அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, நான் முடித்து வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இதை யாரிடமாவது கேட்க வேண்டும். போனில் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு நான் இப்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியாது. மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள் வார்டில் பதினோராம் நம்பர் கட்டிலில் இருக்கிறார். அவரிடம் மட்டும் பேச முடியாது.

நவம்பர் 26, ஞாயிறு

தலைவலி. அறையை விட்டு வெளியே போகவில்லை. பிரெட்.

நவம்பர் 27, திங்கள்

படம் சரியாக இருக்கிறது. இருபத்துமூன்று.

வெளியே வரும்போது அக்கா கேட்டார்: "எம்மக போன்ல கேட்டா டாக்டரம்மா. எல்லா கரண்டும் கரெக்டா விழுந்துருக்காம்மான்னு. சரியாத்தான விழுந்துருக்கு?"

"சரியாத்தான்கா விழுந்திருக்கு."

இதுவரை நான் பேசாமல்தான் இருந்தேன். இன்றைக்கு வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டு, "டாக்டரம்மாவே சொல்லிட்டாக" என்றார்.

நவம்பர் 28, செவ்வாய்

ஒன்பது மணிக்கு சீஃப் அறைக்குப் போனேன். என் தீசிஸைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டாம் பக்கம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை ஃப்ராக்‌ஷன்?"

"நாலு நாள் சார்."

"எப்பேர்ந்து தெரியும்?"

"படம் பார்த்த உடனே. எட்டு நாளா."

பேனாவை மூடினார். வெகுநேரம் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குறி தப்பாப் போடுறது யாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கு" என்றார். "எட்டு நாள் எப்படிம்மா சும்மா இருந்தே? வியாழக்கிழமை உக்காந்து பதில் சொன்னியே, நான் குட்னு வேற சொன்னேனே."

தீசிஸை மூடினார்.

"கேஸ் ஷீட்ல எழுது. உன் கையெழுத்துல, தேதி நேரம் போட்டு. கோமதிகிட்ட போய் அந்தப் பட்டைக்கு மட்டும் நாலு நாள் பிளான் பண்ணச் சொல்லு. அன்னைக்கு என்கிட்ட திட்டு வாங்குன மாத்து ஆள்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்தம்மாகிட்ட நீயே சொல்லணும்." தீசிஸை எடுத்து அலமாரியில் வைத்தார். "இது ஆறு மாசம் கழிச்சு."

வார்டுக்குப் போனேன். அக்கா நாளைக்குக் கிளம்ப எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கை கீழே இருந்தது, நான் பார்க்கவில்லை, நான்கு நாள் ஒரு பட்டை விடுபட்டுவிட்டது, இன்னும் நான்கு நாள் இருக்க வேண்டும். ஒரு நைட்டியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அது பரவால்ல டாக்டரம்மா. கை தவறுறதுதான்." பிறகு மடிப்பதை நிறுத்தினார். "ஆனா நா நேத்துன்னு பொய் சொன்னப்ப, அப்ப ஒங்களுக்குத் தெரியும்ல, நாலு நா போச்சுன்னு?"

"தெரியும்."

"ஒங்களக் காப்பாத்தத்தான் சொன்னேன். அது எனக்கே வெனையாகும்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்." குரலை உயர்த்தவில்லை. "நேத்து எம்மகளுக்குப் போன் போட்டனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் பையிலிருந்து துணிகளைத் திரும்ப வெளியே எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 29, புதன்

இருபத்தைந்து முடிந்தது. மைதீன் அண்ணன் என்னைப் பார்த்து, "சொல்லிட்டீங்களாம்ல" என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒரு கப் நீட்டினார்.

நவம்பர் 30, வியாழன்

வகுப்பு வழக்கம்போல எட்டு மணிக்கு. இன்றைக்குக் கடைசி வரிசை வரை பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்து, "டவுட் இருந்தா கேளு" என்றார்.

பட்டைக்கு முதல் நாள். குறி போட மைதீன் அண்ணன் மார்க்கரைத் திறந்தபோது அக்கா, "அவுகளக் கூப்பிடுங்க" என்றார். போனேன். பலகையில் படுத்திருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே, பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கை மேலதான் இருக்கு. நல்லாப் பாத்துக்கிட்டுப் போடுங்க."

டேப்பை வைத்து அளந்தேன். மறுபடி அளந்தேன். லேசரைப் போட்டுப் பார்த்தேன், படம் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவர் கண்ணைக்கூட மூடவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவை மூடிவிட்டு வெளியே வந்ததும் பாத்ரூமில் போய் அழுதேன்.

மாலை வார்டில் மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் போனதும் பேச்சு நின்றது. எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

கேட்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். தப்பை முதலில் சொன்னேன், ஆறு மாதத்தைப் பிறகு சொன்னேன். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார். ஈடுசெய்கிறோம் என்றேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ரேடியோபயாலஜி புத்தகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

டிசம்பர் 4, திங்கள்

மூன்றாவது நாள். ஓ.பி.யில் ஐம்பத்தாறு பேர். நாலு மணி ஆனதும் வார்டுப் பக்கம் கால் போனது. திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

கடைசி நாள். கதவு திறந்ததும் மைதீன் அண்ணன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "முடிஞ்சதும்மா. இனிமே குளிக்கலாம். சோப்பு மட்டும் ஒரு மாசத்துக்கு வேணாம், தேய்க்காம தண்ணி ஊத்திக்கங்க."

டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். பதினோராம் கட்டில் காலி. பை தயாராகக் கட்டி வைத்திருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு குவளை, கொஞ்ச நேரம் எதுவும் இல்லை, பிறகு இன்னொரு குவளை. தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வராந்தாவில் நின்று கடைசிக் குவளைவரை கேட்டேன்.

தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கழுத்தெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்ததும் நின்றார். தாளை நீட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், கை வீங்கினால் உடனே வர வேண்டும், கீழ்த் தழும்பில் சின்ன முடிச்சு தட்டுப்பட்டாலும் என்னை நேரில் கேட்டு வர வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். தாளை மடித்துப் பையின் உள் அறையில் வைத்தார், பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பினார். இன்னும் கோபம் முகத்தில் இருந்தது, போகவில்லை.

"சாப்பிட்டீகளா?"

மணி மூன்று. நாற்பத்தைந்து நாளாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"இல்லக்கா. இன்னும் சாப்பிடல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தட்டோடு வருகிற பிள்ளைகளை அப்படித்தான் பார்ப்பார் போல. "எனக்குத் தெரியும்" என்றார். "ஒரு நாளும் சாப்பிட்டிருக்க மாட்டீக. போய்ச் சாப்பிடுங்க மொதல்ல. பஸ்சுக்கு நேரமாச்சு."

போய்விட்டார். மெஸ்ஸில் சாம்பார் சாதம் தீர்ந்திருந்தது. தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டேன்.